அனுப்பியவருக்கு எழுதாத கடிதம்

1950களின் தொடக்கத்தில் அருணாசல மலைக் குகைகளில் காவி கட்டிய ஒரு பிரெஞ்சுக்காரர் அவ்வப்போது வந்து தங்குவார். விடியற்காலையில் குகைக்குள் தன்னந்தனியே லத்தீனில் திருப்பலி நிறைவேற்றுவார். பிறகு மௌனம். சாப்பாடு பிட்சையாக வரும். கீழே அண்ணாமலையார் கோயில் மணி கேட்கும். மலையேறி வருகிறவர்களுக்கு அவர் இன்னொரு சாமி, அவ்வளவுதான். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது சிலருக்குத் தெரிந்திருக்கலாம். மலையை விட்டு இறங்கவும் மனமில்லாமல், மலையில் நிம்மதியாக உட்காரவும் முடியாமல், நாட்குறிப்பில் தன்னோடு தானே வழக்காடிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரிய வழியில்லை.

பெயர் ஆன்ரி ல சோ. பிரான்சின் பிரிட்டனிக் கடற்கரையில் 1910ல் பிறந்தவர். 19 வயதில் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். இந்தியா வந்து சேர்ந்தது 1948 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவு நாள். குளித்தலையில் ஏற்கெனவே பங்குப் பணியில் இருந்த ஜூல் மோன்ஷனன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரோடு சேர்ந்து, 1950ல் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். காவி உடை, தரையில் உட்கார்ந்து சாப்பாடு, சைவ உணவு, தமிழ்ப் பாடம். அபிஷிக்தானந்தர் என்று பெயரும் மாறிற்று.

அவரைத் திருவண்ணாமலைக்கு முதலில் அழைத்து வந்தவர் மோன்ஷனன்தான். 1949 ஜனவரி. அங்கே ஆசிரமத்தில் இருந்த ரமணரை நேரில் பார்த்தார். எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரமத்தின் ஆரவாரம் அவருக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்குக் காய்ச்சல். அங்கிருந்த எதல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவரிடம் சொன்னதன் சாரம் இது: நீங்கள் ஏகப்பட்ட மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள், புரிந்துகொள்ள வேண்டும், அறிய வேண்டும் என்று துடிக்கிறீர்கள், அதையெல்லாம் இறக்கி வையுங்கள். காய்ச்சலும் வேத பாராயணமும் இந்தப் பேச்சும் ஒன்றாகச் சேர்ந்து அவரை ஏதோ செய்தன. 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். ஆனாலும் 1952 முதல் ல சோ மலைக்குத் திரும்பத் திரும்ப வந்தார். குகைகளில் வாரக்கணக்கில் தங்கினார்.

அத்வைத அனுபவம் அவருக்கு வெறும் புத்தகச் சரக்காக இருக்கவில்லை. உண்மையிலேயே அது அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கேதான் சிக்கல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்குப் பத்தாண்டுகள் முந்தைய காலம் அது. பிற சமயங்களில் மீட்புக்கு இடமுண்டா என்று கேட்பதே அபாயம். பாதிரியாராக அவர் உண்ட உணவும், உடுத்திய உடையும், செய்த சத்தியமும் ஒரு பக்கம். மலை மறுபக்கம். நான் கிறிஸ்துவுக்குத் துரோகம் செய்கிறேனா, ஏமாந்துபோகிறேனா, நரகத்துக்குப் போகிறேனா என்ற அச்சம் உவமையாக அல்லாமல் நேரடியாகவே அவரை வதைத்ததை நாட்குறிப்பு காட்டுகிறது. குகை அனுபவத்தை வைத்து ‘குஹாந்தர’ என்ற நூலை எழுதி, வெளியிட அனுமதி கேட்டுப் பாரிசுக்கு அனுப்பினார். 1954ல் திருச்சபைத் தணிக்கையாளர் அதை நிராகரித்தார். அதற்குப் பின் அவர் உண்மையை எழுதிய இடம் நாட்குறிப்பு. அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை.

பண்பாடு தாண்டிப் போய்ப் பணி செய்கிறவர்களின் மனநலம் என்று பேச்சு எடுத்தால், வெயில், கொசு, காரம், மொழி, தனிமை என்று ஒரு பட்டியல் உடனே வந்துவிடும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் திருவண்ணாமலையின் கதையையும், தமிழ்நாட்டு மிஷன் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. போன இடம் ஆளை அலுப்பாக்கும். உடைப்பது பெரும்பாலும் அனுப்பிய இடம். இன்னும் சரியாகச் சொன்னால், அனுப்பியவருக்கு உண்மையை எழுத முடியாத நிலை.

மதமாற்றம் சரியா தவறா என்ற வழக்கு இந்தக் கட்டுரையில் இல்லை. அது நீதிமன்றங்களிலும் டீக்கடைகளிலும் நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறது. இங்கே பேசுவது அந்த வேலையைச் செய்யும் ஆளைப் பற்றி. அவருக்கும் தூக்கம் வராமல் போகும்.

கடிதமாக வந்த காயம்

பின்னோக்கிப் போவோம். மதுரையில் பூணூலும் காவியுமாக வாழ்ந்த இத்தாலியர் ராபர்ட் டி நொபிலி மீது புகார் எழுதியது மதுரைக்காரர் யாருமல்லர். அதே மதுரை மிஷனில் இருந்த சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ். விசாரணை பல ஆண்டுகள் இழுத்தது. 1623ல் போப் ஆணை அவருக்குச் சாதகமாக வந்தது. அதற்குள் அவருடைய உழைப்புக் காலத்தில் பல ஆண்டுகள், பதில் மனு எழுதுவதில் கழிந்திருந்தன.

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் இளமையிலேயே உடல் மெலிவும் மனச்சோர்வும் கொண்டவர். அவரை 1708ல் சிறையில் தள்ளியது டேனிஷ் கோட்டைத் தளபதி, அதாவது அவரை அனுப்பிய அரசரின் நாட்டு அதிகாரி. நான்கு மாதச் சிறை. அதைத் தாங்கிக்கொண்டார். அவரைக் கடைசியில் அசைத்தது கோபன்ஹேகனிலிருந்து மிஷன் செயலாளர் கிறிஸ்டியன் வென்ட் எழுதிய கடிதங்கள். ஆலயம் எதற்கு, பள்ளிக் கட்டடம் எதற்கு, அப்போஸ்தலர்கள் போல ஏழ்மையில் சுற்றி வாருங்கள் என்ற தொனியில், இந்த மண்ணை மிதித்தே இராத ஒருவர் எழுதிய கண்டனங்கள். 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்க் இறந்தார். வயது 36. உடல்நோய்தான் காரணம் என்பார்கள். அந்தக் கடிதங்களுக்கும் பங்கு உண்டு என்று எழுதிய வரலாற்றாசிரியர்களும் உண்டு.

திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சபைகளை உருவாக்கிய ரேனியுஸை 1835ல் அவரது சங்கமே பணிநீக்கம் செய்தது. மூன்றே ஆண்டில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆண்களின் கதையாவது பதிவாகியிருக்கிறது. வங்காளத்துக்கு 1793ல் வந்த வில்லியம் கேரியின் மனைவி டாரதி, வர விருப்பமில்லாமலே கப்பலேறியவர். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்தான். அதன் பிறகு கணவர் மீது தீராத சந்தேகம், கூச்சல், தாக்க வருவது என்று அவர் மனம் பிறழ்ந்துவிட்டது. சுமார் 12 ஆண்டுகள். பெரும்பாலும் அறைக்குள் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் பைபிள் மொழிபெயர்ப்பு நடந்தது. 1807ல் இறந்தார். கேரிக்குச் செராம்பூரில் கல்லூரி நினைவாக இருக்கிறது. டாரதியைப் பற்றி அந்தக் காலத்துப் பிரசங்கங்களில் இரண்டு வரிக்கு மேல் கிடையாது.

திருவண்ணாமலை வட்டாரத்துக்கே வருவோம். இந்த ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளி என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். டென்மார்க் மிஷன் சங்கம் பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு பகுதிகளில் வேரூன்றிய சங்கம். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. அந்தச் சங்கத்தின் சார்பில் எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண் திருக்கோவிலூருக்கு வந்தார். 1917 ஜனவரியில், மூத்த தோழி ஆனி மேரி பீட்டர்சனோடு ஆமதாபாத் போய்க் காந்தியைச் சந்தித்தார். திரும்பி வந்ததும் காந்திக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

அந்தக் கடிதப் போக்குவரத்து விநோதமானது. எஸ்தரின் தனிமை, உடம்பு, வேலையில் வந்த சந்தேகம், எல்லாவற்றுக்கும் காந்தி பதில் எழுதினார். மகளே என்று விளித்தே எழுதினார். அந்தக் கடிதங்கள் 1956ல் ஆமதாபாத் நவஜீவன் வழியே நூலாகவும் வந்தன. சங்கத்துக்கும் அரசுக்கும் இந்த நட்பு பிடிக்கவில்லை. கட்டுப்பாடுகள் வந்தன. சில ஆண்டுகளில் எஸ்தர் சங்கத்தை விட்டே விலகினார். பின்னர் ஒரு கேரளத்தவரை மணந்து எஸ்தர் மேனன் ஆனார். பீட்டர்சனும் விலகிப் பரங்கிப்பேட்டையில் பெண் குழந்தைகளுக்காகச் சேவா மந்திர் தொடங்கினார். தன் மேலாளரிடம் சொல்ல முடியாததை, தன் மதத்தைச் சேராத, தன்னை எந்த விதத்திலும் கட்டுப்படுத்த அதிகாரம் இல்லாத ஒருவரிடம் ஒரு மிஷனரி சொன்னார். இன்று கவுன்சலிங் என்று நாம் சொல்வதற்கு மிக நெருங்கிய ஒன்று தபால் கார்டில் நடந்திருக்கிறது.

மலை ஏறினால் தீருமா

பழைய மிஷன்கள் இந்தச் சோர்வுக்குக் கண்டுபிடித்த ஒரே மருந்து மலை. அமெரிக்கன் மதுரை மிஷன் 1834ல் தொடங்கியது. பத்தாண்டுக்குள் காலராவிலும் காய்ச்சலிலும் வரிசையாகச் சாவுகள். 1845ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊரே அப்படித்தான் பிறந்தது. வெயில் மாதங்களில் சமவெளியை விட்டு ஏறிவிடுவது வழக்கமாயிற்று. 1901ல் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வந்தது. உடம்பு பிழைத்தது. மனம் பிழைத்ததா என்பது வேறு கேள்வி. மலையில் சந்திக்கிறவர்களும் அதே சங்கத்தார், அதே போட்டி, அதே புறணி. கூடவே, ஏழெட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து விடுதியில் சேர்ந்த பிள்ளைகள். 1950களில் இந்தியாவில் அமெரிக்கக் குடும்பங்களை ஆய்வு செய்த ரூத் யூசீம், அப்பா ஊரும் இல்லாமல் வளர்ந்த ஊரும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு பண்பாட்டில் வளரும் குழந்தைகள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்தார். இன்று துபாயிலும் டொராண்டோவிலும் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான்.

மலையும் ஓய்வும் போதாது என்பதைத் தன் உடம்பிலேயே கண்டவர் ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ். 1907ல் லக்னோ வந்த அமெரிக்க மெதடிஸ்ட். எட்டு ஆண்டு இடைவிடாத வேலைக்குப் பின் நரம்புத் தளர்ச்சியில் சரிந்தார். ஊருக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பினார், மறுபடி சரிந்தார். மலைக்குப் போனார், இறங்கினார், மறுபடியும் அதே. ஒருவழியாக மீண்டு, பின்னர் உலகம் அறிந்த எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் ஆனார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தான் உடைந்ததை அவர் மறைக்கவில்லை, எழுதினார். 1950ல் லக்னோவில் நூர் மன்சில் மனநல மையம் உருவாகக் காரணமாக இருந்தார். ஜெபம் செய்தால் போதும் என்று சொல்லியிருக்கக்கூடிய ஆள், டாக்டரையும் வைத்தார்.

பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தைப் பரவலாக்கியவர் கனடாவில் பிறந்த மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1960ல் வெளிவந்த இதழ், மிஷனரிகள் விரும்பிப் படித்த மானுடவியல் இதழ். முதலில் தேன்நிலவு, பிறகு வெறுப்பு, பிறகு மெல்லத் தேறுதல், கடைசியில் இயல்பாதல் என்று அவர் வரிசை சொன்னார். அவர் தந்த அறிகுறிகள் வேடிக்கையாக இருக்கும்: சதா கை கழுவுவது, தண்ணீரையும் தட்டையும் சந்தேகிப்பது, எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்ற எண்ணம், சின்னத் தாமதத்துக்கும் கோபம், எங்கோ வெறித்துப் பார்ப்பது, சொந்த ஊர்க்காரரைக் கண்டால் ஒட்டிக்கொள்வது. திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், வெளிநாட்டவர் கூடும் மார்கழி மாதத்தில் ஒரு மணி நேரம் நின்றால் இந்த அறிகுறிகள் அத்தனையையும் பார்த்துவிடலாம்.

மௌனத்துக்கு விளக்கம் கேட்காத ஊர்

திருவண்ணாமலை இந்த விஷயத்தில் தனி ரகம். இங்கே ஒருவர் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று கணக்குக் கேட்பதும் இல்லை. ல சோவுக்கு இந்த ஊர் கொடுத்த பெரிய நிம்மதி அதுதான் என்று நினைக்கிறேன். சாந்திவனத்தில் அவரும் மோன்ஷனனும் இரண்டே பேர். சேர வந்தவர்கள் நிலைக்கவில்லை. ஒருவர் ஆஸ்துமாக்காரச் சிந்தனையாளர். மற்றவர் பொறுமையற்ற பிரிட்டனிக்காரர். ஒருவர் அத்வைதத்தின் விளிம்பில் நின்றுவிட்டார். மற்றவர் குதித்துவிட்டார். மனத்தாங்கல் வளர்ந்தது. 1957 அக்டோபரில் மோன்ஷனன் பாரிசில் நோயில் இறந்தார். ஒரே கூரையின் கீழ் இருவர் மட்டும் என்பது எந்தப் பணித்தளத்திலும் கடினமான ஏற்பாடு. திருமணமானவர்களுக்கும் இது பொருந்தும்.

அதே சமயம், மௌனத்துக்கு விளக்கம் கேட்காத ஊரில் ஓர் ஆபத்தும் உண்டு. நோயும் தவமும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். 1896 செப்டம்பரில், பின்னாளில் ரமணரான 16 வயது வேங்கடராமன் பாதாள லிங்கக் குழியில் தன்னினைவின்றிக் கிடந்தான். தொடைகளைப் பூச்சிகள் அரித்தன. பையன்கள் கல்லெறிந்தார்கள். ஊரே பித்தன் என்று சொன்ன சேஷாத்ரி சுவாமிகள்தான் காவல் நிற்க முயன்றார். பிறகு சிலர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், வாயில் ஊட்டினார்கள். பழனிசாமி என்பவர் இருபதாண்டுக்கு மேல் கூட இருந்தார். ரமணர் கதையை மகிமையாகச் சொல்கிறவர்கள் இந்தச் சோறு ஊட்டியவர்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் மகிமை சொல்ல ஆள் மிஞ்சியிருக்காது.

ரெஜிஸ் ஏரோ என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1980களில் பம்பாய்ப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். ஊரில் நன்றாக இருந்து, இந்தியாவில் புத்தி தடுமாறிய இளைஞர்கள் பலரைப் பார்த்தார். நான்தான் அவதாரம் என்பவர்கள், பாஸ்போர்ட்டைக் கிழித்தவர்கள். பலருக்கு ஊர் திரும்பியதுமே தெளிந்துவிட்டது என்பது அவருடைய கவனிப்பு. 2000ல் அதை நூலாகவே எழுதினார். தேடி வருகிறவருக்கும் பரப்ப வருகிறவருக்கும் நோக்கம் நேர் எதிராக இருக்கலாம். காலடியில் பழகிய மண் இல்லை என்பதில் இருவரும் ஒன்றுதான்.

ல சோ தப்பித்தார். எப்படி? மூன்று காரணங்களை ஊகிக்கலாம். முதலாவது, திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா. இந்த இரண்டு விசித்திரமான பிரெஞ்சுக்காரர்களுக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, நச்சரிக்காமல் இருந்தார். இரண்டாவது, கடிதங்கள். பிரான்சில் பெனடிக்ட் சபைக் கன்னியாக இருந்த தங்கைக்கும், நண்பர் லெமாரியேவுக்கும் அவர் பல ஆண்டுகள் எழுதினார். ரைமுண்டோ பணிக்கர் போன்ற நண்பர்களோடு வாதாடினார். மூன்றாவது, 1955 டிசம்பரில் திருக்கோவிலூர் தபோவனத்தில் சந்தித்த ஞானானந்தகிரி சுவாமிகள். அவர் முன் இந்தப் பாதிரியார் முதன்முறையாகச் சீடனாக உட்கார்ந்தார். அவரிடம் தன் சபையைக் காப்பாற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு இவர் பாதிரியாராக நீடித்தாலும் நீடிக்காவிட்டாலும் ஒன்றுதான். 1956 கடைசியில் கும்பகோணம் மௌன மந்திரில் ஒரு மாதத்துக்கு மேல் கதவடைத்து இருந்தார். 1960ல் இந்தியக் குடிமகன் ஆனார். முடிச்சு கடைசிவரை முழுதாக அவிழவில்லை. முடிச்சோடு வாழப் பழகினார். 1973 ஜூலையில் ரிஷிகேஷ் தெருவில் மாரடைப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று இந்தோரில் இறந்தார். வந்த 25 ஆண்டில் ஒருமுறைகூடப் பிரான்சுக்குத் திரும்பவில்லை.

அவரது அன்புச் சீடர் மார்க் ஷதுக் என்ற பிரெஞ்சு இளைஞர் தப்பித்தாரா தெரியாது. குரு இறந்த பின் ரிஷிகேஷுக்கு மேலே கங்கைக் கரைக் குடிலில் தனியே கடும் தவத்தில் இருந்தவர், 1977ல் ஒருநாள் காணாமல் போனார். உடலும் கிடைக்கவில்லை. ஞான நிலையில் மறைந்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் தினமும் எட்டிப் பார்க்க ஒருவர் இருந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து புறப்படுகிறவர்கள்

மிஷனரி என்றால் இன்னமும் நம் மனக்கண்ணில் வெள்ளைக்காரர்தான் வருகிறார். கணக்கு எப்போதோ மாறிவிட்டது. வி. எஸ். அசரியா முதலானோர் 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். 1950களின் இறுதியில் ஜெபக் குழுக்களாகக் கூடத் தொடங்கிய நண்பர் நற்செய்தி ஜெபக் குழுவின் ஊழியர்கள் பின்னர் குஜராத் பழங்குடிக் கிராமங்களுக்கும் பீகாருக்கும் போனார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பல வீட்டுச் சுவர்களில் யாரோ ஒரு மிஷனரிக் குடும்பத்தின் படம் இருக்கும். அந்த வீட்டின் மாதக் காணிக்கை அவர்களுக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டின் பலம் அதன் நெருக்கம். பலவீனமும் அதுவே. மாதா மாதம் பணித்தளத்திலிருந்து ஜெபக் குறிப்பு வர வேண்டும். பிள்ளையின் பரீட்சை எழுதலாம். மலேரியா எழுதலாம். எதிர்ப்பு எழுதலாம், அது வீரமாகவே படிக்கப்படும். மூன்று மாதமாக எனக்கு ஜெபிக்கப் பிடிக்கவில்லை, காலையில் எழ முடியவில்லை, மனைவி பேசுவதில்லை என்று எழுத முடியுமா? எழுதினால் விசுவாசக் குறைவு. இன்னும் ஒரு படி போனால் பின்மாற்றம். அழைப்பே சந்தேகத்துக்கு உள்ளாகும். படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆகவே அடுத்த மாதமும் ஆத்துமாக்களின் எண்ணிக்கை போகும்.

இந்தியாவும் டென்மார்க்கும் உட்பட 14 நாடுகளில், மிஷனரிகள் ஏன் பாதியில் திரும்புகிறார்கள் என்று 1990களில் ஆய்வு நடந்தது. 1997ல் நூலாக வந்தது. பழைய அனுப்பும் நாடுகளில் பிள்ளைகள், உடல்நலம் போன்றவை முன்னால் நின்றன. இந்தியா போன்ற புதிய அனுப்பும் நாடுகளில் முன்னால் நின்றவற்றில் தாய்ச்சபையின் ஆதரவு போதாமை, சங்கத்தோடு முரண்பாடு, சக ஊழியரோடு பிணக்கு ஆகியவை இருந்தன. டி நொபிலிக்கும் சீகன்பால்குக்கும் நேர்ந்ததேதான்.

எதிர்ப்பைப் பற்றிய இவர்களுடைய பயம் கற்பனையும் இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும், 10 வயது, 6 வயது மகன்கள் இருவரையும் ஜீப்போடு எரித்தார்கள். பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. ஒரு புகார் போதும், காவல் நிலையத்தில் ராத்திரி கழியும். இப்படிப்பட்ட இடத்தில் வருஷக்கணக்காக இருக்கும் குடும்பத்துக்குத் தூக்கம் போவது வியாதியா, விவேகமா என்று பிரித்துச் சொல்லவே பயிற்சி பெற்ற ஒருவர் தேவை. இந்தியாவில் பண்பாடு தாண்டுவதற்குக் கடல் தாண்டத் தேவையில்லை என்பதையும் அந்த ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாஸ்போர்ட் இல்லாமலே அந்நியராகிவிடலாம்.

வேலூர் காட்டிய வழி

தீர்வுகள் தொலைவில் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர். சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையம் 1950களின் பிற்பகுதியில் உருவானபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் உள்ளேயே தங்க வேண்டும் என்று வைத்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் இடம் என்றிருந்த காலத்தில், சமைத்துக்கொண்டு கூடவே இருக்கும் ஏற்பாடு உலகமே திரும்பிப் பார்த்த ஒன்று. மிஷனரிகளைப் பணித்தளத்துக்கு அனுப்பும்போது ஒருவராகப் பார்க்காமல் குடும்பமாகப் பார்க்க வேண்டும் என்பதை அந்த மருத்துவமனை வேறு வழியில் முன்பே சொல்லிவிட்டது. டாரதி கேரிக்குக் கிடைக்காதது அது.

அதே வேலூரில் மிஷனரிகளைத் தாங்குவதற்கென்றே 1990களில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கியது. எந்தச் சங்கத்துக்காரர் என்று பார்க்காமல் உதவும் அமைப்பு. இதில் முக்கியம், அனுப்பிய சங்கத்திலிருந்து அது விலகி நிற்கும் அந்தத் தொலைவுதான். அனுப்பிய சங்கமே ஆலோசகரையும் நியமித்தால், ஆலோசகரிடம் அழுதது ஆண்டு மதிப்பீட்டில் வந்து நிற்கும் என்று ஊழியர் நினைப்பார். நினைப்பதில் தப்பில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமான காப்பீடு வேண்டும் என்கிறது. எத்தனை சங்கங்கள் இதைத் தங்கள் பணி விதிகளில் எழுதியிருக்கின்றன என்று ஆதரவாளர்கள் கேட்கலாம். காணிக்கை கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. 14416 என்ற அரசின் டெலி மனஸ் எண் 2022 முதல் இருக்கிறது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். நாள் முழுக்கக் கற்றுக்கொண்ட மொழியில் வேலை பார்க்கிறவருக்கு, உடைந்த ராத்திரியில் தாய்மொழியில் பேசக் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

மற்றபடி, பைபிளே ஒரு முன்மாதிரி வைத்திருக்கிறது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக விரும்பிய எலியாவிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான். மறுபடி எழுப்பி மறுபடி கொடுத்தான். பேச்சு அதற்கப்புறம்தான். சபை மூப்பர்கள் இந்தப் பகுதியைப் பலமுறை வாசித்திருப்பார்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று: திரும்பி வருவது. ல சோவுக்கு அந்தத் தலைவலி இல்லை. அவர் திரும்பவே இல்லை. தமிழ் மிஷனரிகள் திரும்புகிறார்கள், 25, 30 ஆண்டு கழித்து. பிள்ளைகளில் சிலர் டோனாவூரில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் சந்தோஷ வித்யாலயாவில் படித்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் ரயிலேறி அப்பா அம்மாவைப் பார்த்தவர்கள். அவர்களுக்குப் பள்ளி இருந்த ஊர் சொந்த ஊரா, அப்பா வேலை பார்த்த ஊர் சொந்த ஊரா? பெற்றோருக்கு இங்கே வீடில்லை. தெருவில் தெரிந்த முகங்கள் போய்விட்டன. வரவேற்புக் கூட்டத்தில் சால்வை போட்டு, சாட்சி சொல்லச் சொல்வார்கள். இருபது நிமிஷம் கிடைக்கும். மறுநாள் காலையில் வாடகை வீடு தேட வேண்டும். எந்தத் தெருவில் தண்ணீர் வரும், எந்த டாக்டர் நல்லவர் என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வரிசையில் நிற்க வேண்டும். ஓபெர்க் சொன்ன அந்தக் கை கழுவும் பழக்கம் சிலருக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது, சொந்த மாவட்டத்தில்.